பாலிமர் ஃப்ரேம் வெயிலுக்கு இளகுமான்னு கேட்டவருக்கு

வணக்கமுங்க. காங்கேயம் வெயில்ல பிஸ்டலோட பாலிமர் (கெட்டிப் பிளாஸ்டிக்) ஃப்ரேம் இளகிருமோ, அப்பாரு வெச்சிருந்தமாதிரி முழு ஸ்டீல்லயே .32 (தோட்டாவோட அளவு) பிஸ்டல் வாங்கிரலாமான்னு கேட்டிருந்தீங்க, அந்த வெசனம் வேண்டாமுங்க. கைப்பிடியும் ஃப்ரேமும்தான் பாலிமரு, பேரல் (குழாய்), ஸ்லைடு (மேல முன்னயும் பின்னயும் நகர்ற பாகம்) எல்லாம் ஸ்டீலுதானுங்க, க்ளாக் 17ங்கற பாலிமர் பிஸ்டல ஆஸ்திரியா ராணுவம் 1982லயே எடுத்துருச்சு, பாலைவன வெயில்ல எல்லாம் ஓடுது (அது 9 எம்எம் தோட்டா போடறது, நம்ம சாதாரண லைசென்ஸுக்குக் கெடைக்காது). ஸ்டீல்ல எடை எச்சு, கையில உதைப்பு கம்மியாத் தெரியும், ஆனா .32ல உதைப்பே பெருசில்லீங்க, கை வேர்த்தா துருப்புடிக்கறதுதான் ஸ்டீலுக்குத் தொந்தரவு, எண்ணெ போட்டுத் தொடைச்சுட்டே இருக்கோணும்.

எனக்குப் பயம் வேறங்க. சில பாலிமர் மாடல்ல கட்டைவிரல் சேஃப்டியே (சுடாம பூட்டி வெக்கற விசை) இருக்காது, ட்ரிக்கர்ல மட்டுந்தான். ஊட்டுல கொழந்தைக இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால சேஃப்டி இருக்கறதாப் பாத்து எடுங்க, தோட்டாவத் தனியாப் பூட்டி வெய்யுங்க, கார்ல மட்டும் உட்டுட்டுப் போயிராதீங்க.