டொராண்டோ கடை பில் சென்னை விமான நிலையத்தில் செல்லுமா?

கேள்வி: என் மகன் டொராண்டோவில் படிக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். மூட்டு வலியால் எனக்கு இரவில் தூக்கமே இல்லை. அங்கே கஞ்சாச் சத்து கலந்த ஜெல்லி மிட்டாயைக் கடையில் பில் போட்டு விற்கிறார்களாம். "எல்லாம் சட்டப்படிதான் அம்மா, பதினைந்து பாக்கெட் வாங்கி வருகிறேன்" என்கிறான். இந்தியாவிலும் இதைச் சட்டப்பூர்வமாக்கப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பில் இருந்தால் பிரச்சினை வராதுதானே? — வாசகி, நாமக்கல்

பதில்: அம்மா, வேண்டாம் என்று இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள். ஒரு பாக்கெட்கூட வேண்டாம். அந்த பில் அவனைக் காப்பாற்றாது. தெரிந்தேதான் வாங்கினான், தெரிந்தேதான் கொண்டுவந்தான் என்பதற்கு அரசுத் தரப்பு காட்டும் முதல் சாட்சியே அந்த பில்லாகத்தான் இருக்கும்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்பூர்வம் என்பது உண்மை. ஆனால் அது கனடா எல்லைக்குள் மட்டும். அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது அங்கேயே குற்றம், 14 ஆண்டு வரை சிறை. கடைக்காரர் இதைச் சொல்லி விற்பதில்லை. ஆக, உங்கள் மகன் விமானம் ஏறும்போது ஒரு குற்றம், சென்னையில் இறங்கும்போது இன்னொரு குற்றம்.

சென்னையில் என்ன ஆகும்? நம் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. அதில் எல்லாமே எடைக் கணக்கு. கஞ்சா என்றால் 1 கிலோ வரை 'சிறு அளவு', 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு'. ஆனால் சத்தைப் பிரித்தெடுத்த எண்ணெயை, பிசினை 'சரஸ்' என்ற தனி வகையில் சேர்ப்பார்கள். அதற்குச் சிறு அளவு வெறும் 100 கிராம்தான். சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டினால் பத்தாண்டு வரை போகலாம்.

இப்போது உங்கள் மிட்டாயை எடை போடுவோம். ஒரு பாக்கெட்டில் 10 மில்லிகிராமுக்கு மேல் போதைச் சத்து இருக்கக் கூடாது என்பது கனடாவின் விதி. பாக்கெட்டுக்கு இரண்டு மிட்டாய், ஒவ்வொன்றும் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து பாக்கெட்டில் இருக்கும் சத்து 150 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்புகூட இல்லை. மிட்டாயின் மொத்த எடையோ 120 கிராம். எதைக் கணக்கில் எடுப்பார்கள்? மொத்தத்தையும். 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொல்லிவிட்டது: போதைப்பொருளோடு கலந்திருக்கும் சர்க்கரையும் மாவும்கூட எடையில் சேரும். தூக்கத்துக்கு வாங்கிய ஜெல்லி ஒரு பையனைப் பத்தாண்டுப் பிரிவில் கொண்டுபோய் நிறுத்த இந்தக் கணக்கு போதும்.

அடுத்து அந்த வாட்ஸ்அப் செய்தி. 2020 டிசம்பரில் ஐ.நா.வில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுக்க வாக்கெடுப்பு நடந்தது. 27-க்கு 25 என்று தீர்மானம் நிறைவேறியது, இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. அதை வைத்துக்கொண்டுதான் 'இந்தியாவிலும் வரப்போகிறது' என்று சுற்றுக்கு விடுகிறார்கள். அங்கே கையைத் தூக்கிய அரசு இங்கே கஞ்சா பற்றிய பிரிவுகளில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. மாற்றட்டும், அல்லது மாற்றமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். இரண்டும் இல்லாததால் உங்களைப் போன்றவர்கள் ஃபார்வேர்டு செய்தியை நம்ப வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கியாக வேண்டும், எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். சட்டத்தின்படி கஞ்சா என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. அந்த நுனியோடு சேராமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் கஞ்சா இல்லை. அதனால்தான் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு, உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற கடையில் விற்கிறது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் இந்தச் செடிப் பொருள் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி பேர். அதில் பெரும்பாலோர் பாங்கு குடித்தவர்கள். இலையை என்ன செய்வது என்பதை மாநிலங்களிடம் விட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பாங்குக் கடை கிடையாது. இலையில் செய்த ஆயுர்வேத மருந்தை 'விஜயா' என்ற பெயரில் உரிமத்தோடு, மருத்துவர் சீட்டின் பேரில் விற்பது இந்த இடைவெளியில்தான். ஆனால் நடைமுறையில் இந்த விதிவிலக்கு எந்த லட்சணத்தில் இருக்கிறது தெரியுமா? பொட்டலத்தைப் பிடித்ததும், கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் 'இலை, பூ, காம்பு, விதையுடன் கூடிய கஞ்சா' என்று ஒரே வரியில் எழுதி, எல்லாவற்றையும் சேர்த்து எடை போடுகிறார்கள். காம்பை நீக்கினால் ஒரு கிலோவுக்குள் வரும் பொட்டலம், சேர்த்தால் 1,150 கிராம் ஆகிவிடுகிறது. ஒரு வருடமா பத்து வருடமா என்பதை அந்த 150 கிராம் காம்பு முடிவு செய்கிறது. பிரித்து எடை போடுங்கள் என்று எத்தனை முறை வாதாடியிருக்கிறேன்! கஞ்சா பிடிக்கச் செலவிடும் அக்கறையில் கால்வாசி, தராசு முன்னால் இருந்தால் போதும்.

உங்கள் மகனின் மிட்டாய்க்கும் இந்த இலைக் கதைக்கும் தொடர்பில்லை. 'விஜயாவும் இதுவும் ஒன்றுதான்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி நான் அதிகம் பயப்படும் விஷயம். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2025-இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது. இடைப்பட்ட காலத்தில் பாங்காக்கிலிருந்து மண்ணில்லாமல் வளர்த்த 'ஹைட்ரோ' கஞ்சா கொண்டுவரும் குருவிகள் பெருகிவிட்டார்கள். இலவச டிக்கெட், மூன்று நாள் ஓட்டல், கையில் இருபதாயிரம் ரூபாய், "சாக்லேட் டப்பாதான் தம்பி." அப்படிப் போன ஒரு பையனின் அம்மா, நீதிமன்ற வராந்தாவில் மஞ்சள் பைக்குள் அவனுடைய பள்ளிச் சான்றிதழை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு நின்றார். நீதிபதியிடம் காட்ட வேண்டுமாம். டிக்கெட் எடுத்துக் கொடுத்தவனின் செல்போன் அன்றைக்கே அணைந்துவிட்டது. பையில் இருப்பது தெரியாது என்று பையன் சொன்னான். தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் இந்தச் சட்டத்தில் அவன் தலையில்தான். உங்கள் மகனிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: தெரிந்தவர், நம்ம ஊர்க்காரர், கூடப் படிப்பவர், யார் கொடுத்தாலும் அடுத்தவர் பொட்டலம் வேண்டாம்.

அந்த அம்மாவை வராந்தாவிலேயே ஒரு புரோக்கர் பிடித்துவிட்டான். "செக்‌ஷனை மாற்றிவிடலாம், எடையைக் குறைத்து எழுதவைக்கலாம்" என்று தாலிக்கொடியை அடகு வைக்கச் செய்தான். மகஜரில் ஏறிய எடையை எந்தப் புரோக்கராலும் குறைக்க முடியாது. பணம் கட்ட முடியாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இதை நீதிமன்ற வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க என்ன தயக்கமோ தெரியவில்லை.

கூரியரில் அனுப்பச் சொல்லவும் வேண்டாம். அதுவும் இறக்குமதிதான். அப்புறம், "உங்கள் மகன் பெயரில் போதைப் பார்சல் பிடிபட்டது, வீடியோ காலிலேயே இருங்கள், பணம் கட்டுங்கள்" என்று போலீஸ் சட்டையில் யாராவது பேசினால் உடனே துண்டித்துவிட்டு சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் புகார் செய்யுங்கள். வீடியோ காலில் கைது செய்ய இந்தியாவில் எந்தச் சட்டமும் கிடையாது.

மூட்டு வலிக்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தூக்கம் வராததையும் அவரிடமே சொல்லுங்கள். மகன் கிளம்பும் நாளில் உங்களை வீடியோ காலில் வைத்துக்கொண்டே பெட்டியை அடுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் பை, ஷேவிங் பை, பழைய கல்லூரிப் பையின் உள் ஜிப் வரை எல்லாவற்றையும் கவிழ்த்துக் காட்டட்டும்.