விசாரணைக் கைதிகள் பற்றி அரசு வெளியிடும் புள்ளிவிவரங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எண்களை நம்பலாம். அவை எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழமை நீதிமன்றத்தில் தினமும் ஜாமீன் மனுக்களோடு அல்லாடும் வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு சிறைப் புள்ளிவிவர அறிக்கைப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது வழக்கில் இன்னும் தீர்ப்பு வராதவர்கள். இது டிசம்பர் 31 அன்று உள்ளே இருந்தவர்களின் தலைக்கணக்கு. ஜனவரியில் ரிமாண்ட் ஆகி, வேலையும் பறிபோய், ஏப்ரலில் வெளியே வந்தவர் இதில் வரமாட்டார்.

வயது, படிப்பு, சாதி, மதம், எத்தனை மாதமாக உள்ளே இருக்கிறார் என்றெல்லாம் அட்டவணை உண்டு. (2016 அறிக்கையில் சாதி, மத விவரத்தை விட்டுவிட்டார்கள். அந்த அறிக்கையே 2019இல்தான் வெளிவந்தது.) ஆனால் ஒருவர் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறார்? மனுவே போடவில்லையா, தள்ளுபடி ஆகிவிட்டதா, ஜாமீன் கிடைத்தும் வர முடியவில்லையா? அறிக்கை இப்படிப் பிரித்துக் காட்டுவதில்லை. என் ஆதங்கம் இதுதான்.

மூன்றாவது வகையை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். ‘தலா 10,000 ரூபாய்க்கு இரு நபர் ஜாமீன்’ என்று உத்தரவாகும். அவருக்குப் பொறுப்பேற்கும் இரண்டு ஜாமீன்தாரர்கள் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீதோடு நேரில் வர வேண்டும். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் வெளிமாநிலத்துக்காரருக்கு இந்த ஊரில் வரி ரசீது வைத்திருக்கும் யார் கையெழுத்துப் போடுவார்? உத்தரவு கேஸ் கட்டில் கிடக்கும், ஆள் சிறையில் இருப்பார்.

இப்படி எத்தனை பேர் என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கேட்ட பிறகுதான் விவரம் திரட்டினார்கள். சுமார் 5,000 பேர், அதில் 1,417 பேர் விடுவிக்கப்பட்டார்கள் என்று, இலவசச் சட்ட உதவி தரும் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு சொன்னது. ஒருமுறை கேட்டதற்கே இவ்வளவு பேர் தெரியவந்தார்கள் என்றால், ஆண்டுதோறும் அந்தக் கணக்கை எடுத்தே ஆக வேண்டும்.

சிறைகளில் கைதிகளின் விவரத்தைப் பதியும் இ-பிரிசன்ஸ் மென்பொருளில் ஜாமீன் கிடைத்த தேதியையும் பதிய வேண்டும் என்பது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. அப்புறம் என்ன தயக்கம்? அதையே மாவட்ட வாரியாகக் கூட்டி மாதாமாதம் வெளியிடலாம். பிணைத்தொகை கட்ட முடியாத ஏழைகளுக்கு உதவும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. யாருக்குத் தேவை என்ற பட்டியல் இருந்தால்தானே பணம் போய்ச் சேரும்?

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது ஜாமீன் கிடைத்தும் 7 நாளில் வெளிவரவில்லை என்றால், உச்ச நீதிமன்றத்தின் அதே உத்தரவின்படி சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் தெரிவிக்கும்வரை காத்திருக்காமல், ஜாமீன் உத்தரவு நகலோடு நீங்களே அந்த அலுவலகத்துக்குப் போய் மனு கொடுங்கள். ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் அமையவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். அதையும் மனுவில் எழுதிக் கேளுங்கள்.