தலைவலி மாத்திரைக்குத் தலை எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

தெரியாது. இரத்தம் போகிற இடமெல்லாம் மருந்தும் போகும், கால் கட்டைவிரல் வரைக்கும். ஆனால் அதற்குப் பொருந்துகிற புரதம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை நடக்கும்.

தலைவலிக்குப் போடும் இபுப்ரோஃபெனையே பார்ப்போம். வலிக்கும் இடத்தில் சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கிறது. லேசாகத் தொட்டாலே வலி நரம்பு துடிப்பது இதனால்தான். இபுப்ரோஃபென் அந்த நொதியின் குழிக்குள் போய் உட்கார்ந்ததும் உற்பத்தி நிற்கிறது. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்துக்கும் இதே நொதி வேண்டும். அங்கேயும் அது அடைபடுவதால் வயிற்றுப் புண். பக்கவிளைவு என்கிறோமே, பல சமயம் அது அதே வேலைதான், வேண்டாத இடத்தில்.

விழுங்கியதெல்லாம் இரத்தத்துக்கு வந்து சேராது. சிறுகுடல் உறிஞ்சியது முதலில் கல்லீரலுக்குள் போகிறது; சில மருந்துகளின் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையைப் பதற்றத்தில் விழுங்கிவிட்டால் அநேகமாக வீண்தான். நாக்கடியில் கரைந்தால் கல்லீரலுக்குப் போகாமலே இரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் கேட்கும்.

எத்தனை நேரம் தாங்கும்? இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அரை ஆயுள். இபுப்ரோஃபெனுக்குச் சுமார் 2 மணி. 10 மணி நேரத்தில் ஏறத்தாழ 3 சதவீதம்தான் மிஞ்சும். ஆஸ்பிரினுக்கு வெறும் 15-20 நிமிடம். ஆனாலும் இதயத்துக்காக ஆஸ்பிரினைத் தினம் ஒருவேளை கொடுத்தால் போதுகிறது. காரணம், இபுப்ரோஃபென் போல வந்து போகாமல், நொதியில் அசிட்டைல் தொகுதி என்ற தன் சிறு துண்டை நிரந்தரமாக ஒட்டிவிட்டுத்தான் ஆஸ்பிரின் மறைகிறது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி செய்ய வழியில்லை. அது வாழும் 7-10 நாளும் முடங்கியே கிடக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இபுப்ரோஃபென் முந்திக்கொண்டு அந்தக் குழியில் உட்கார்ந்திருந்தால் ஆஸ்பிரினுக்கு இடமில்லை. அது எழுந்து போவதற்குள் ஆஸ்பிரின் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். ஆகவே உறையில்லாத சாதாரண ஆஸ்பிரினைத் தினமும் எடுப்பவர்கள் அதைப் போட்டு 30 நிமிடமாவது கழித்தோ, அதற்கு 8 மணி நேரத்துக்கும் முன்பாகவோதான் இபுப்ரோஃபென் போட வேண்டும். குடலில் கரையும் உறையிட்ட ஆஸ்பிரினுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.