மாடிச் சுவரில் அரசங்கன்று எப்படி முளைக்கிறது?

தண்டையார்பேட்டை வீட்டு மொட்டைமாடிச் சுவரில் யாரும் விதைக்காமலே அரசங்கன்று முளைத்திருக்கிறது, இதையெல்லாம் ஆராய்கிறவர்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விதைத்தது மைனாவோ குயிலோ வௌவாலோதான். பழத்தைத் தின்றுவிட்டுச் சுவரில் எச்சமிடும். கடுகைவிடச் சின்ன விதை காரை வெடிப்பில் ஒட்டிக்கொண்டு மழை ஈரத்தில் முளைத்துவிடும். எங்கள் ராயபுரம் வீட்டுக் குழாய் இடுக்கில் ஒன்றைப் பிடுங்கினேன்; நாலே இலை, வேரோ ஒரு சாண்!

ஆராய்ச்சி நிச்சயம் உண்டு. தாய்மரத்தடியில் விழும் விதைகளையும் கன்றுகளையும் பூச்சியும் பூஞ்சையும் அதிகம் அழிக்கும், தள்ளி விழுபவை பிழைக்கும் என்று டேனியல் ஜான்சென் 1970-லும் ஜோசப் கானல் 1971-லும் சொன்னார்கள்; இருவரும் சூழலியல் ஆய்வாளர்கள். வெப்பமண்டலக் காட்டில் இத்தனை வகை மரங்கள் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாம். எனக்கு மிகப் பிடித்த கருத்து இது. முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேரில் மரம் மரமாக அளந்துவருகிறார்கள். ஆசையிருந்தால் இளங்கலைத் தாவரவியலில் தொடங்குங்கள்; முனைவர் பட்டம்வரை பத்தாண்டு ஆகும்.