லவங்கம், வேப்பங்குச்சி, சொத்தைப் பல்: கேளுங்கள், சொல்கிறேன்

வடசென்னைத் தண்டையார்பேட்டைக்காரன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவன். பல் டாக்டர் இல்லை, அதனால் பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். செடி கொடியில் இருக்கும் சரக்கு சொத்தைக் கிருமியை என்ன செய்யும் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ராயபுரத்திலிருந்து ஒரு அம்மா: என் பையன் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை காட்டினால் புழு விழும் என்கிறார் மாமியார். காட்டலாமா அண்ணே?

வேண்டாம்மா. பல்லில் புழுவே கிடையாது, இருந்தால்தானே விழும். இதே நம்பிக்கை ஐரோப்பாவிலும் இருந்தது, அங்கே வேறொரு செடியின் விதையைப் புகைப்பார்கள், சூட்டில் விதை வெடித்து வெளியே வரும் முளைதான் புழு மாதிரி தெரியும். உண்மையான ஆள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்கிற பாக்டீரியா. 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். நாம் சாப்பிடும் சர்க்கரையை வைத்து இது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அமிலம் விடும், வாயின் பி.எச். (அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே போனால் எனாமல், அதாவது பல்லின் வெளிக்கவசம், கரைய ஆரம்பிக்கும். இன்னொன்று, அதே சர்க்கரையிலிருந்து ஒரு பசை செய்து பல்லில் ஒட்டிக்கொள்ளும். நம்ம பக்கம் பசங்க மாஞ்சா போடுவார்களே (தடை என்று தெரிந்தும்தான்), பசை இல்லாமல் கண்ணாடித்தூள் நூலில் நிற்குமா? அப்படித்தான் இதுவும். இந்தப் பசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும்.

காசிமேடு: லவங்கம் வைத்தால் வலி போய்விடுகிறது. அப்போ சொத்தை ஆறிவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை அண்ணே, மரத்துப்போச்சு என்று அர்த்தம். லவங்க எண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் யூஜினால்தான் இருக்கும். அது நரம்பை மரக்கவைக்கும், பாக்டீரியாவின் மேல்சவ்வையும் ஓட்டையாக்கும், இரண்டும் நிஜம். பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வருமே, அது இதுதான், துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிகமாக அடைப்பார்கள். ஆனால் விழுந்த ஓட்டையை எந்தச் செடியும் வளர்த்துக் கொடுக்காது. வலி நின்ற அன்றைக்கே கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கும் அரசு பல் மருத்துவமனைக்குப் போங்கள், ஆறு மாதம் தள்ளிப்போட்டால் வேர் வரைக்கும் போய்விடும். எண்ணெயை நேராக ஈறில் ஊற்றினால் வெந்துவிடும். சின்னக் குழந்தை கை படும் இடத்தில் அந்த பாட்டிலை வைக்கவே வைக்காதீர்கள், விழுங்கினால் ஈரலைக் கெடுக்கும்.

கொருக்குப்பேட்டை: எலுமிச்சை, உப்பு, கரித்தூள்?

எலுமிச்சையே அமிலம். கரி தேய்க்கத் தேய்க்க எனாமல் போகும். அடுத்த கேள்வி.

மண்ணடி: நாங்கள் மிஸ்வாக் குச்சி. பக்கத்து வீட்டுத் தாத்தா வேப்பங்குச்சி. எது உசத்தி?

சண்டை மூட்டுகிறீர்களே! "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் வேல் என்பது கருவேலம், வேம்பு இல்லை, நிறையப் பேர் மாற்றிச் சொல்கிறார்கள். ஆல், கருவேலம் இரண்டிலும் துவர்ப்பான டானின் அதிகம். வேப்பங்குச்சிச் சாற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, நான் சொன்ன அந்தப் பசை உருவாவதையே அது குறைத்தது, கொல்வதைவிட இது எனக்குப் பிடித்த வேலை. மிஸ்வாக்கின் காரத்துக்குக் காரணம் பென்சைல் ஐசோதயோசயனேட், கடுகுக் காரத்தின் உறவுக்காரப் பொருள், ஈறு நோய்க் கிருமிகள் மேல்தான் அதற்கு வேகம் அதிகம். எந்தக் குச்சியானாலும் பாதி வேலை அதன் நார் தேய்ப்பதில் இருக்கிறது, உள்பக்கமும் தேய்த்தால்தான். கூடவே ஃபுளோரைடு பேஸ்டையும் விடாதீர்கள், எனாமலைக் கெட்டியாக்குவதில் அதற்கு ஈடாக நான் ஒரு செடியையும் காட்ட முடியாது.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: சார், கிருமியைக் கொல்லுது என்று இத்தனை கட்டுரை வருதே, பிறகு ஏன் ஒன்றும் மருந்தாக வரவில்லை?

நல்ல கேள்வி தம்பி. தட்டில் அகார் என்கிற, கிருமி வளர்க்கும் கூழை ஊற்றி, கிருமியைத் தடவி, நடுவில் சாறு ஊறிய காகித வட்டை வைத்தால், மறுநாள் அதைச் சுற்றித் தெளிவான வளையம் வரும், மாணவர்கள் கைதட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். ஆனால் அந்தத் தட்டில் சாறு ராத்திரி முழுக்க இருந்தது. வாயில் எச்சில் சில நிமிஷத்தில் கழுவிவிடும். அங்கே கிருமி தனியாகவும் திரிவதில்லை, பசைக்குள் படலமாக உட்கார்ந்திருக்கும், அதைத் தொட நூறு மடங்கு சாறு கேட்கலாம், அவ்வளவையும் கொப்பளிக்க ஈறு தாங்காது. இன்னொன்று, வாயில் நல்ல கிருமிகளும் குடியிருக்கின்றன, ஒட்டுமொத்தமாகக் காலி பண்ணக் கூடாது. அதனால்தான் பசையை மட்டும் கெடுக்கும் பொருளையோ, சொத்தைக் கிருமியை மட்டும் குறிவைக்கும் பொருளையோ தேடுகிறார்கள். அதிமதுர வேரில் சொத்தைக் கிருமியைக் கொல்லும் கிளைசிரைசால்-ஏ என்று ஒன்று கண்டுபிடித்து, அமெரிக்காவில் சர்க்கரையில்லாத குச்சிமிட்டாயே செய்து பார்த்தார்கள். அதற்காக நாட்டு மருந்துக் கடைக்கு ஓடி அதிமதுரத்தைத் தினமும் மெல்லாதீர்கள், பிரஷர் ஏறும்.

திருவொற்றியூர்: வெற்றிலை பல்லுக்கு நல்லது என்கிறார்களே?

வெற்றிலையில் ஹைட்ராக்ஸிசாவிகால் இருக்கிறது, கிருமிக்கு ஆகாதுதான். ஆனால் யார் வெறும் வெற்றிலை போடுகிறார்கள்? புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே வகைப்படுத்திவிட்டது. புகையிலையும் பாக்கும் கலந்த மாவா பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

எண்ணூர், டிரெய்லர் டிரைவர்: ஒரு நாளைக்கு எட்டு டீ. தேயிலை பல்லைக் காக்கும் என்று படித்தேன், அப்போ எனக்குப் பயமில்லைதானே?

தேயிலை காக்கும், உங்கள் டீ காக்காது! தேயிலையின் கேட்டச்சின், பசை செய்யும் நொதியையே தடுக்கும், கிரீன் டீயில் கூடுதல், கொஞ்சம் ஃபுளோரைடும் உண்டு. ஆனால் கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் கிருமிக்கு விருந்து. ஒவ்வொரு இனிப்பு டீக்கும் பிறகு எச்சில் அமிலத்தைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது எடுக்கும், எட்டு டீ என்றால் கணக்குப் போடுங்கள், கூட வர்க்கி வேறு. சர்க்கரையில்லாமல் தொண்டையில் இறங்காது என்றால் எட்டை மூன்றாக்குங்கள், குடித்ததும் ஒரு வாய்த் தண்ணீர் கொப்பளியுங்கள். கடை வாசலில் துப்பினால் மாஸ்டர் திட்டுவார், விழுங்கிவிடுங்கள்.