இணக்கத்தன்மைக்கு ஆல்ஃபா 0.21: முதலில் இதைப் பாருங்கள்

இணக்கத்தன்மைக் கேள்விகளுக்கு ஆல்ஃபா (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.21தான் வந்திருக்கிறது, மொழிபெயர்ப்புதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொழிபெயர்ப்பு இருக்கட்டும், தலைகீழ்க் கேள்விகளை, அதாவது 'ஆம்' என்றால் இணக்கம் குறைவு என்று பொருள்படும் கேள்விகளை, மதிப்பெண் போடும்போது திருப்பினீர்களா? இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா மாணவர்களுக்குக் கொடுத்த பிஎஃப்ஐ-44-இல் (ஐந்து ஆளுமைப் பண்புகளை அளக்கும் 44 கேள்விப் படிவம்) இணக்கத்தன்மைக்கு, அதாவது பிறரோடு ஒத்துப்போகும் பண்புக்கு, 9 கேள்விகள். அதில் 2, 12, 27, 37 தலைகீழ். விடை 1 முதல் 5 வரை என்பதால் 6-இலிருந்து கழித்தால் சரி.

எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஒவ்வொரு கேள்விக்கும் மற்றவற்றின் கூட்டுத்தொகைக்கும் உள்ள தொடர்பை எடுங்கள். இந்த நான்கும் மைனஸில் நின்றால் அதுதான் காரணம். ஆய்வேடுகளில் அடிக்கடி நடப்பதுதான்.

திருப்பியும் ஏறவில்லையா? அப்புறம் திருப்புவதற்கு முந்தைய தரவை வரிசை வரிசையாகப் பாருங்கள். 'பிறரிடம் குறை காண்பேன்', 'மன்னித்துவிடுவேன்' இரண்டுக்கும் ஒரே ஆள் 5 போட்டிருந்தால், கேள்வியைப் படிக்காமலே தலையாட்டியிருக்கிறார்.

ஒன்று: ஆல்ஃபாவை ஏற்றுவதற்காகக் கேள்விகளை வெட்டாதீர்கள். அப்புறம் மற்ற ஆய்வுகளோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது.