கிரயம் முடியும் வரை வாடகை தர வேண்டுமா?

கேள்வி: ஒன்பது ஆண்டுகளாக நாங்கள் குடியிருக்கும் வீட்டை எங்களுக்கே விற்க உரிமையாளர் ஒப்புக்கொண்டார். கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்து முன்தொகையும் கொடுத்தோம். “இனி இது உங்கள் வீடுதானே, வாடகை எதற்கு?” என்றார். அடுத்த மாதம் நாங்கள் அனுப்பிய வாடகையையும் திருப்பிப் போட்டுவிட்டு, “இந்த மாத வாடகை வேண்டாம், பத்திரச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். வங்கிக் கடன் இழுத்தடித்ததில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. வரும் 12-ஆம் தேதி கிரயம். இப்போது ஐந்து மாத வாடகையையும் (மாதம் 14,000 ரூபாய்) எண்ணி வைத்தால்தான் கையெழுத்து என்கிறார். அவரிடம் எங்கள் வாடகை அட்வான்ஸ் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. கேட்டால், காலி செய்கிறவர்களுக்குத்தான் அது என்கிறார். என்ன செய்வது?

பதில்: ஒப்பந்தம் போட்டதுமே வாடகை நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு சிக்கலில் மாட்டும் குடும்பங்கள் பல. சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 54-ஆவது பிரிவு, கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. 55-ஆவது பிரிவின்படி, உரிமை கைமாறும் வரை வாடகை விற்பவருக்குச் சேரும். கிரயப் பத்திரம் வந்து, குத்தகைதாரரும் உரிமையாளரும் ஒருவரே ஆகும்போதுதான் 111(டி) பிரிவின்படி வாடகை உறவு முடிகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஆர்.காந்திமதி வழக்கில், உரிமையாளர் விலையில் பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டு, ஒப்பந்தத்தின்படியே சுவாதீனத்தையும் (சொத்தின் கைவசத்தையும்) வாங்குபவர் என்ற முறையில் ஒப்படைத்துவிட்டதால், வாடகை உறவு அன்றே முடிந்தது என்றது உச்ச நீதிமன்றம். 2019-இல் எச்.கே.சர்மா வழக்கில், ஒப்பந்தத்தில் அப்படிப்பட்ட வாசகம் இல்லாததால் வாடகை உறவு தொடர்கிறது என்றது. ஆகவே உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, சுவாதீனம் பற்றிய பத்தியை நிதானமாகப் படியுங்கள். “இன்று முதல் கிரயதாரராகச் சுவாதீனத்தில் இருந்து வருவீர்கள்” என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. அந்த இடத்தில் ஒன்றும் இல்லையென்றால், வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அவர் வாயால் சொன்னதற்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 63-ஆவது பிரிவு, தனக்கு வரவேண்டியதை ஒருவர் கைம்மாறு எதுவும் பெறாமலேயே விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நிரூபிப்பதுதான் பாடு. அந்த வாட்ஸ்அப் செய்தியும் பணம் திரும்பி வந்த வங்கிக் கணக்கு வரியும் ஒரு மாத வாடகைக்கு அசைக்க முடியாத சான்று. மற்ற நான்கு மாதங்களுக்கு அது இரண்டு பக்கமும் வெட்டும். ‘வாடகை எதற்கு’ என்று சொன்னவர் அதன்படியே நடந்திருக்கிறார் என்று நீங்கள் வாதிடலாம். ‘இந்த மாத’ என்றுதானே எழுதினேன் என்று அவரும் சொல்லலாம். அந்த அலைபேசியை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், நான்கு மாதத்தைக் கொடுத்து முடிப்பதே நல்லது. ஒன்பது ஆண்டு வாழ்ந்த வீடு கைக்கு வரும் நேரத்தில், 56,000 ரூபாய்க்காகக் கிரயத்தை நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டு போவதை நான் விரும்பமாட்டேன். நடப்பு மாதத்துக்கு முழு வாடகை தர வேண்டியதில்லை. சொத்து மாற்றுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி, சொத்தை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே வாடகை நாள் கணக்கில் பிரியும். 30 நாள் மாதத்தில் 12 நாளுக்கு 5,600 ரூபாய். ஆக, நீங்கள் தர வேண்டியது 61,600. 12-ஆம் தேதி பத்திரத்தில் கையெழுத்தாகிவிட்டால், பதிவு ஓரிரு நாள் தள்ளிப்போனாலும் கவலை வேண்டாம். பதிவுச் சட்டம் 1908-இன் 47-ஆவது பிரிவின்படி, பதிவான பத்திரம் எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே செல்லும்.

அட்வான்ஸ் விஷயத்தில் அவர் சொல்வது சரியில்லை. அது வாடகைக்கும் சேதத்துக்கும் ஈடாக அவரிடம் இருக்கும் உங்கள் பணம். வாடகை உறவே முடிந்த பிறகு அதைக் கையில் வைத்திருக்க அவருக்கு ஆதாரம் ஏது? 61,600 போக மீதி 38,400 ரூபாயை அவர்தான் உங்களுக்குத் தர வேண்டும். இதைப் பத்திரத்தில் காட்டும் விலையில் கழிக்காதீர்கள். விலை வேறு, வாடகைக் கணக்கு வேறு. தனித்தாளில் ஒரு கணக்கு முடிப்புக் கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதி வரை வாடகை தீர்ந்தது, எவ்வளவு கழிக்கப்பட்டது, மீதி எந்தக் காசோலையில் வந்தது. வாடகை ஒப்பந்தம் ஒருவர் பெயரில் இருந்து கிரயம் இருவர் பெயரில் நடந்தாலும், கடிதத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். 12-ஆம் தேதி சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே இது முடிந்திருக்கட்டும்.

மூலப்பத்திரத்தில் அவருடைய உடன்பிறந்தவர்கள் யாராவது பங்குதாரராக இருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒருவருடைய பங்கை மட்டும் வாங்கினால் வாடகை உறவு முடியாது; 111(டி) பிரிவுக்கு முழுச் சொத்தும் கைக்கு வர வேண்டும். 2005-இல் பிரமோத் குமார் ஜெய்ஸ்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது.

வாடகை பாக்கியைக் கட்டினால்தான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் இல்லாத நிபந்தனையை அவர் இப்போது புகுத்த முடியாது. அவர் முரண்டு பிடித்தால் 12-ஆம் தேதிவரை காத்திருக்காதீர்கள். மீதி விலையுடன் தயாராக இருக்கிறோம், இன்ன நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வாருங்கள் என்று வழக்கறிஞர் மூலம் பதிவுடன் கூடிய விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அறிவிப்பு அனுப்புங்கள். வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். ஏற்றதை ஆற்ற வைக்கும் வழக்கு, அதாவது ஒப்பந்தப்படி கிரயம் செய்து தர உத்தரவிடக் கோரும் வழக்கு, போட நேர்ந்தால், நீங்கள் எப்போதும் தயாராகவும் விருப்பத்துடனும் இருந்தீர்களா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் கேட்கும். கிரயம் தள்ளிப்போனால், அதுவரையிலான வாடகையை மாதம் தவறாமல் வங்கி வழியாகவே கட்டுங்கள். ‘வாடகை’ என்று குறிப்பிட மறக்காதீர்கள்.